கோரஸிலிருந்து தனி இசைத்தட்டு வரை: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் பிறந்து வளர்ந்த காஸ்பல் இசையைப் பற்றிக் கடந்த இதழில் எழுதியபோது, பாடகி ஆல்பர்ட்டினா வாக்கரின் முதல் தனி ஆல்பம் 1975-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் ஏராளம். அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கேரவன்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவைத் தொடங்கி நடத்தியவர் ஆல்பர்ட்டினா வாக்கர் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பெயர் பெற்றவர் தம் சொந்தப் பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லையா?

பதில்: வாய்ப்புக்குக் குறைவில்லை. இசைத்தட்டு நிறுவனங்கள் அவரை நன்கு அறிந்திருந்தன. 1950-களின் தொடக்கத்திலிருந்தே கேரவன்ஸ் குழுவின் பாடல்கள் தட்டுகளாக வந்துகொண்டிருந்தன. 1929-இல் சிகாகோவில் பிறந்த வாக்கர், சிறு வயதில் தேவாலயப் பாடகர் குழுவிலும், பின்னர் ராபர்ட் ஆண்டர்சன் என்ற பாடகரின் குழுவிலும் பாடிவிட்டு, அதன் பிறகே தம் சொந்தக் குழுவை அமைத்தார். அந்தக் குழுவை அவர் நடத்திய விதத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

ஒரு குழுவின் தலைவர் பொதுவாகத் தமக்குத் துணை நிற்கும் குரல்களையே தேடுவார். வாக்கரோ, தம்மையே விஞ்சக்கூடிய குரல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஐனஸ் ஆண்ட்ரூஸ், டோரதி நார்வுட், கேசியெட்டா ஜார்ஜ், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1958-இல் வந்து சேர்ந்த ஷெர்லி சீசர் ஆகிய அனைவரும் அவருடைய குழுவில் பாடியவர்கள். பிற்காலத்தில் காஸ்பல் உலகையே ஆண்ட ஜேம்ஸ் கிளீவ்லேண்ட் இந்தக் குழுவுக்குப் பியானோ வாசித்தவர். ஒரு நிகழ்ச்சியில் கூட்டம் எழுந்து நிற்கும் அந்த உச்சக் கட்டம் எந்தப் பாட்டில் வரும் என்று வாக்கருக்குத் தெரியும். அந்தப் பாட்டை எவர் பாடினால் அது நிகழும் என்பதும் தெரியும். தெரிந்தபின் ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்துவிட்டுத் தாம் பின்வரிசைக் குரலில் சேர்ந்துகொள்வார். ஐனஸ் ஆண்ட்ரூஸ் உச்ச ஸ்தாயியில் பாடிய பாடல்களும் ஷெர்லி சீசர் பாதி பிரசங்கமாகவும் பாதி பாட்டாகவும் நிகழ்த்திய பாடல்களும் கேரவன்ஸின் அடையாளமானது இப்படித்தான்.

அவர்கள் ஒவ்வொருவராக விலகித் தனிப் பாடகர்கள் ஆனார்கள். 1966-இல் ஷெர்லி சீசரும் விலகிய பிறகு குழுவுக்குப் பழைய வலு முழுமையாகத் திரும்பவில்லை. இதை வாக்கரின் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. எந்தப் பாட்டு எந்தக் குரலுக்குப் பொருந்தும், எந்த வேகத்தில் எடுத்தால் சபை கூடச் சேர்ந்து பாடும், பல்லவியை எத்தனை முறை திருப்பினால் போதும், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றை இருபது ஆண்டுகள் பிறர் குரல்களை வைத்துக் கற்றவர் அவர். தனி ஆல்பத்துக்காக ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 45-ஐ ஒட்டியிருந்தது. அந்தப் பதிவுகளில் அவர் எங்குமே அவசரப்படுவதில்லை. தாழ்ந்த ஸ்தாயியில் தொடங்கி, சொற்களை நிறுத்தி நிதானமாக வைத்து, பின்னால் நிற்கும் பாடகர் குழுவுக்குப் போதிய இடம் விட்டுப் பாடுகிறார். மெம்பிஸ் நகரில் மக்கள் முன்னிலையில் பதிவான பழைய தேவாலயப் பாடல்களின் ஆல்பத்துக்காக 1995-இல் அவருக்குக் கிராமி விருது கிடைத்தபோது அவருக்கு 65 வயது.

கேள்வி: காஸ்பல் பாடகி மகேலியா ஜாக்சனின் முதல் இசைத்தட்டுகள் விற்கவில்லை என்று படித்தேன். அதற்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையில் அவர் எப்படிப் பிழைத்தார்? அப்போதே ப்ளூஸ் (தேவாலயம் சாராத கறுப்பின உலகியல் இசை) பாட ஒப்புக்கொண்டிருந்தால் விரைவில் முன்னுக்கு வந்திருக்க மாட்டாரா?

பதில்: வந்திருக்கலாம். அதை மறுக்க முடியாது. அந்தக் குரலுக்கு எந்தப் பாட்டும் பொருந்தியிருக்கும். ஆனால் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1911-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த மகேலியா, 1927-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து அங்கே ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழுவில் சேர்ந்தார். 1937-இல், 25 வயதில், டெக்கா நிறுவனத்துக்காக நான்கு பாடல்கள் பதிவு செய்தார். அவை விற்கவில்லை. ப்ளூஸ் பாடினால் தொடரலாம் என்று நிறுவனம் கூறியதை அவர் ஏற்கவில்லை. அதோடு அந்தத் தொடர்பு முடிந்தது. நாடு பொருளாதார வீழ்ச்சியிலிருந்து இன்னும் மீளாத காலம் அது என்பதை நினைவில் கொண்டால் அந்த மறுப்பின் எடை புரியும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவருடைய வாழ்க்கை இரண்டு தடங்களில் ஓடியது. ஒரு தடத்தில் பிழைப்பு: அழகுக்கலை பயின்று சிகாகோவில் சொந்தமாக அழகு நிலையம் திறந்தார், பின்னர் பூக்கடையும் வைத்தார். மற்றொரு தடத்தில் பாட்டு. தாமஸ் டார்சி என்ற பியானோ கலைஞர், ஒரு காலத்தில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்துப் பெயர் பெற்றவர், 1932-இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேர இழந்த துயரத்துக்குப் பின் தேவாலயப் பாடல்களுக்கே தம்மை ஒப்புக்கொடுத்திருந்தார். அவர் எழுதிய பாடல்கள் இசைத்தட்டில் பரவவில்லை. அச்சிட்ட இசைக்குறிப்புத் தாள்களாக, ஒன்று 10 சென்ட் விலைக்கு, தேவாலயம் தேவாலயமாகக் கொண்டுபோய் விற்கப்பட்டன. தாளை வாங்குபவருக்கு அந்தப் பாட்டு எப்படி ஒலிக்கும் என்று முதலில் ஒருவர் பாடிக்காட்ட வேண்டும் அல்லவா? அந்தப் பணியை மகேலியா செய்தார். மாநாடுகளிலும் சிறு ஊர்த் தேவாலயங்களிலும், முன்பின் அறியாத சபைகளின் முன், டார்சியின் பியானோவோடு நின்று பாடினார். ஒரு பாட்டை முதன்முறையாகக் கேட்பவரை ஒரே நிமிடத்தில் தன்பக்கம் திருப்ப வேண்டிய பயிற்சி அது. எந்த ஒலிப்பதிவுக் கூடமும் அதைக் கற்றுத்தராது.

1946-இல் அப்போலோ என்ற சிறிய நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கும் முதல் தட்டுகள் எடுபடவில்லை. நிறுவனத்தின் உரிமையாளர் அவரைக் கைவிட எண்ணினார் என்பதும், திறமையாளர்களைக் கண்டறியும் பணியில் அங்கிருந்த ஒருவர்தான் இன்னும் ஒரு முறை முயல வேண்டும் என்று வாதாடினார் என்பதும் பதிவாகியிருக்கின்றன. 1947 செப்டம்பரில், மெம்பிஸ் நகரப் போதகர் டபிள்யூ. ஹெர்பர்ட் புரூஸ்டர் எழுதிய 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' என்ற பாடலை மகேலியா பதிவு செய்தார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அன்றைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். பாட்டைச் சுருக்காமல், தட்டின் இரு பக்கங்களிலும் ஒரே பாட்டை இரண்டு பகுதிகளாகப் பிரித்து வெளியிட்டார்கள். தேவாலயத்தில் மெல்ல மெல்ல ஏறும் பாட்டை அதன் இயல்பான நீளத்தில் பாட முடிந்ததே அந்தத் தட்டின் வெற்றிக்குப் பாதிக் காரணம் என்பது என் கணிப்பு. தட்டு வெளிவந்ததும் கடைகளின் தேவைக்கு ஈடுகொடுக்க நிறுவனத்தால் முடியவில்லை. 1950 அக்டோபரில் அவர் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடினார். 1954-இல் கொலம்பியா என்ற பெரிய நிறுவனம் அவரைத் தேடி வந்தது.

1937-இல் அவர் ப்ளூஸுக்கு மாறியிருந்தால் ஒரு நல்ல ப்ளூஸ் பாடகி கிடைத்திருப்பார். புரூஸ்டரின் அந்தப் பாட்டைப் பாட வேறு எவரும் அப்போது தயாராக இருந்திருக்க மாட்டார் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: காத்திருக்காமல், இளம் வயதிலேயே தனிப்பெயரில் காஸ்பல் பாடிப் புகழ் பெற்றவர் எவருமே இல்லையா?

பதில்: இருக்கிறார், சிஸ்டர் ரோசெட்டா தார்ப். 1938-இல், இருபத்து மூன்று வயதில், ஒரே ஆண்டுக்குள் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் மேடையேறி, டெக்காவுக்கும் பாடிவிட்டார். கையில் கிட்டாரோடு அவர் பாடிய தேவாலயப் பாடல்கள் உடனே வெற்றி பெற்றன. கேளிக்கை விடுதியில் கடவுள் பாட்டா என்ற கண்டனமும் அதே வேகத்தில் வந்தது. தேவாலயத்தாரில் ஒரு பகுதியினர் அவரை நெடுங்காலம் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் குழந்தையாக இருந்தபோதே, பிரசங்கம் செய்துவந்த தாயுடன் ஊர் ஊராகச் சென்று கூட்டங்களில் பாடியும் கிட்டார் வாசித்தும் வளர்ந்தவர். இருபத்து மூன்று வயதில் அவருக்குப் பின்னால் ஏறத்தாழ பதினேழு ஆண்டு மேடை அனுபவம் இருந்தது.

கேள்வி: நான் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவன். பாடகர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். பக்கவாத்தியக்காரர் எவரேனும் தனிக் கலைஞராக உயர்ந்ததுண்டா?

பதில்: உண்டு. ஜேம்ஸ் கிளீவ்லேண்டின் வாழ்க்கையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1931-இல் சிகாகோவில் பிறந்தார். டார்சி இசைப்பொறுப்பில் இருந்த பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சிறுவனாகப் பாடினார். வீட்டில் பியானோ வாங்க வசதியில்லை. ஆகவே ஜன்னல் கட்டையில் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் இருப்பதாகப் பாவித்து அதன்மேல் விரல்களை ஓட்டிப் பழகியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பதின்பருவத்தில் குரல் உடைந்து கரகரப்பானது, திரும்பவே இல்லை. ஒரு பாடகனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது. அவர் பாட்டு எழுதுவதற்கும் குழுக்களுக்கு இசை அமைத்துத் தருவதற்கும் திரும்பினார். இருபது வயது நிரம்புவதற்கு முன்பே அவர் எழுதிய பாடல்களை ராபர்ட்டா மார்ட்டின் குழு பாடியது. பிறகு கேரவன்ஸுக்கு வாசித்தார். டெட்ராய்ட்டில் தேவாலய இசைப் பொறுப்பை ஏற்றார்.

அந்த ஆண்டுகளில் அவர் கண்டுகொண்டது இதுதான்: கரகரத்த தனிக்குரல் ஒன்று பேசுவதுபோல வரியை எடுத்துக்கொடுக்க, பெரிய பாடகர் குழு அதை முழு வலுவோடு திருப்பிப் பாடினால், குறை என்று கருதிய குரலே அந்த அமைப்பின் நடுப்புள்ளி ஆகிவிடும். 1963 செப்டம்பரில், நியூஜெர்சி மாநிலத்தின் நட்லி என்ற ஊரைச் சேர்ந்த ஏஞ்சலிக் பாடகர் குழுவோடு 'பீஸ் பி ஸ்டில்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அவருக்கு 31 வயது. புயலில் சிக்கிய படகில் சீடர்கள் அஞ்சி நிற்க, இயேசு காற்றை அதட்டி அமைதியாக்கும் காட்சிதான் தலைப்புப் பாடல். குழுவின் குரல்கள் அலையாக எழுந்து, ஒரு சொல்லில் சட்டென்று தாழ்ந்து, ஏறத்தாழ முணுமுணுப்பாக மாறும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். குழுவின் உள்ளே பல ஆண்டுகள் உட்கார்ந்து வாசித்த ஒருவரால் மட்டுமே அந்த இடத்தை அப்படி அமைக்க முடியும். 1972-இல் பாடகி அரேத்தா பிராங்க்ளின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தேவாலயத்தில் தம் காஸ்பல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பியானோவில் இருந்து அனைத்தையும் நடத்தியவர் இவரே. தாம் பெற்றதைப் பிறருக்கும் கொடுக்க, ஆண்டுதோறும் பாடகர் குழுக்கள் கூடிப் புதுப் பாடல்களைக் கற்கும் ஒரு பயிலரங்கையும் நிறுவினார். அதன் முதல் மாநாடு 1968-இல் டெட்ராய்ட்டில் நடந்தது.

கேள்வி: காஸ்பல் ஆல்பங்கள் பலவும் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுக்கப்படாமல் தேவாலயத்தில் மக்கள் முன்னிலையில் பதிவாவது ஏன்?

பதில்: சபை பாட்டின் ஒரு பாகம். கைதட்டும், பதில் குரல் கொடுக்கும், பாடகர் எங்கே நீட்ட வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கும். கூடத்தில் அந்தத் தூண்டுதல் கிடையாது.

கேள்வி: பொறுமையை நீங்கள் மிகையாகப் புகழ்கிறீர்களோ என்று தோன்றுகிறது. காத்திருந்தே பதிவு இல்லாமல் மறைந்தவர்கள் எத்தனை பேர்?

பதில்: நியாயமான கேள்வி, கேட்டதற்கு நன்றி. செயிண்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த பாடகி வில்லி மே ஃபோர்ட் ஸ்மித் 1904-இல் பிறந்தவர். காஸ்பல் பாடகர் குழுக்களுக்காக டார்சி நடத்திய மாநாட்டு அமைப்பில் தனிப் பாடகர்களுக்குப் பயிற்சி தரும் பிரிவை நடத்தியவர். அவரிடம் கற்றுக்கொண்ட பிரதர் ஜோ மே தட்டுகளால் புகழ் பெற்றார். ஆசிரியரோ தம் குரல் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் மிகச் சில பாடல்களையே பதிவு செய்தார். ஆல்பங்கள் வந்தது 1970-களில்தான். 1982-இல் வந்த ஓர் ஆவணப்படத்தின் வழியாகவே உலகம் அவரை அறிந்தது. முதுமையிலும் அவர் பாடும் காட்சி மனத்தை உருக்குகிறது. ஆனாலும் 1940-களில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் சொல்வதையெல்லாம் நாம் வெறும் சொல்லாகவே படிக்க வேண்டியிருக்கிறது. அது இழப்புதான், அதற்கு எந்தச் சமாதானமும் கூற நான் விரும்பவில்லை. காத்திருக்கும் காலத்தில் பாட்டு வளர வேண்டும், அத்துடன் அதன் பதிவு ஏதோ ஒரு வடிவத்தில் எங்காவது சேமிக்கப்பட்டும் வர வேண்டும்.

கேள்வி: எனக்கு 41 வயது. தேவாலயப் பாடகர் குழுவில் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடுகிறேன், வேலைக்கும் போகிறேன். என் சொந்தப் பாடல்களைத் தனி ஆல்பமாகப் பதிவு செய்ய ஆசை. காலம் கடந்துவிட்டதா? தொடங்குவதென்றால் எங்கே தொடங்க வேண்டும்?

பதில்: காலம் கடக்கவில்லை. வேலையை விடவும் வேண்டாம். யோலாண்டா ஆடம்ஸ் ஹூஸ்டனில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு ஒரு பாடகர் குழுவில் பாடியவர். முதல் ஆல்பம் 1987-இல் வந்தது, அவரைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசேர்த்த ஆல்பம் 1999-இல்தான் வந்தது. தமேலா மான் 1990-களில் கிர்க் பிராங்க்ளினின் குழுவில் பாடினார். தம் முதல் தனி ஆல்பத்தைக் கணவரோடு சேர்ந்து தொடங்கிய சொந்த நிறுவனத்தின் வழியாக 2005-இல் வெளியிட்டார். கிராமி விருது 2017-இல் வந்தது, அப்போது அவருக்கு வயது ஐம்பது.

தொடங்க வேண்டிய இடம் பாட்டு. உங்களிடம் இருக்கும் சொந்தப் பாடல்களை, ஒலிப்பதிவைப் பற்றிய எண்ணமே இல்லாமல், சபையில் ஓராண்டு பாடிப் பாருங்கள். இரண்டாம் முறை கேட்கும்போதே மக்கள் பல்லவியைச் சேர்ந்து பாடுகிறார்களா என்று கவனியுங்கள். பாடாத பாட்டை ஆல்பத்தில் சேர்க்காதீர்கள், அது உங்களுக்கு எவ்வளவு பிரியமானதாக இருந்தாலும். சுருதியையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பாடகர் குழுவில் பல்லாண்டு பாடியவர்கள் குழுவுக்கு வசதியான சுருதியிலேயே தங்கள் தனிப்பாட்டையும் எடுத்துவிடுகிறார்கள். உங்கள் குரலுக்கு அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ கீழே இறக்கினால் சொற்கள் தெளிவாக விழக்கூடும்.

பத்துப் பாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். நன்றாகப் பதிவான மூன்று பாட்டு போதும். எட்வின் ஹாக்கின்ஸ் 1967-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத் தேவாலயம் ஒன்றில் இளைஞர் பாடகர் குழுவோடு பதிவு செய்த தட்டு, அவர்களே விற்றுக்கொள்வதற்காக 500 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டது. அதிலிருந்த 'ஓ ஹேப்பி டே' என்ற பாட்டை இரண்டு ஆண்டுகள் கழித்து வானொலி எடுத்துக்கொண்டது. பிறகு உலகமே பாடியது. அந்தப் பாட்டின் மூல வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு கீர்த்தனை என்பதையும் கவனியுங்கள். உரிமைக் காலம் முடிந்த பழைய பாடல்களைப் புதிதாக அமைத்துப் பாட எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆனால் வேறொருவர் அண்மையில் செய்த இசையமைப்பை அப்படியே எடுத்தாண்டால் அனுமதி வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்தமாகக் கூற வேண்டும். பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை ஒன்று. பதிவான ஒலிக்கு உள்ள உரிமை வேறொன்று. மெட்டமைக்க உதவிய நண்பர், வாசித்த கலைஞர்கள், பின்னணி பாடியவர்கள், ஒலிப்பதிவுக்குப் பணம் கொடுத்தவர் ஆகியோரில் எவருக்கு எதில் என்ன பங்கு, எவருக்குப் பங்கில்லாமல் சம்பளம் மட்டும் என்பதைப் பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு எழுதுவது மிகக் கடினம்; உறவுகள் முறிவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

பதினெட்டு ஆண்டுகள் உங்களுக்கு இடம் கொடுத்த பாடகர் குழுவின் தலைவரிடம், கூடத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே நேரில் சென்று செய்தியைக் கூறுங்கள். குழுவிலிருந்து விலகப்போவதில்லை என்றால் அதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பின்னணிக் குரல்களுக்கு ஆட்களைத் தேடும்போது முதலில் அவரிடமே கேளுங்கள். உங்கள் குரலோடு எவருடைய குரல் சேர்ந்து ஒலிக்கும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.